ஆப்கன் பெண்களுக்காக டெல்டாவில் ஒரு கூட்டமைப்பு: எங்கே, யாரோடு தொடங்குவது?

ஆப்கன் பெண்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை. திருவாரூரில், கும்பகோணத்தில், மயிலாடுதுறையில் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள், அவர்களை ஒரே பாயில் உட்கார வைப்பதுதான் வேலை.

யாரை முதலில் கூப்பிடுகிறீர்கள் என்பதில் பாதி விஷயம் முடிந்துவிடும். கூத்தாநல்லூர், நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் பெண்களை வீடு தேடிப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு அல்ல, அதற்கு முன்னால். தாலிபானைக் கண்டிக்கும் கூட்டத்தை இங்குள்ள முஸ்லிம்கள் மேல் வெறுப்பைக் கொட்டும் மேடையாக மாற்றுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு முறை அப்படி நடந்துவிட்டால் அந்தப் பெண்கள் திரும்பி வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். 2022 டிசம்பரில் தாலிபான் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபோது, அது ஷரியத்துக்கே முரண் என்று சொன்னவர் சன்னி முஸ்லிம்களின் பெரிய கல்விப்பீடமான எகிப்தின் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிப். இதை முதல் கூட்டத்தில் ஒரு முஸ்லிம் ஆசிரியை எழுந்து சொன்னால் பலருக்குத் தயக்கம் விட்டுப்போகும்.

அப்புறம் சுயஉதவிக் குழுக்கள், விவசாயத் தொழிலாளர் சங்கப் பெண்கள், வழக்கறிஞர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவிகள். நடவு நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வரமாட்டார்கள், படித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைய வேண்டியதுதான். தனியாக மண்டபம் பிடிப்பதை விட, குழுக்களின் மாதக் கூட்டத்திலேயே அரை மணி நேரம் கேட்டு வாங்குவது நல்லது. கட்சிக்காரர்கள் வரட்டும், கொடி வேண்டாம். மீத்தேன் திட்டத்துக்கு எதிராக விவசாயியும் வணிகரும் மாணவரும் ஒன்றாக நின்றதைப் பார்த்த ஊர் இது. கோரிக்கை ஒன்றாக இருந்ததால்தான் அத்தனை பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

முதல் கூட்டத்தில் உரை வேண்டாம், பெண்கள் மேல் தாலிபான் போட்ட தடைகளைத் தேதியோடு வாசித்தாலே போதும். 2022 மார்ச் 23 அன்று உயர்நிலைப் பள்ளி திறக்கும் என்று சீருடையில் வந்த பெண் பிள்ளைகளைச் சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகம், அடுத்த சில நாளில் தொண்டு நிறுவன வேலை. 2023 ஜூலையில் அழகு நிலையங்கள். 2024 டிசம்பரில் செவிலியர் படிப்பு, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி படிப்பு. நான் இந்தக் கடைசி வரியை வாசித்தபோது, பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நடவுக்காரப் பெரியம்மா ஒருவர் வெற்றிலையை மடித்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏம்மா, ஆம்பளை டாக்டரு தொடக்கூடாதுங்கிறான், பொம்பளையும் படிக்கக்கூடாதுன்னா, அங்க பிரசவம் யாரு பாப்பா?" என்று கேட்டார். ஆண் மருத்துவர் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தடை உள்ள மாகாணங்கள் அங்கே உண்மையிலேயே உண்டு. அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் அவர் வார்த்தையிலேயே எழுதினோம். நீங்களும் அப்படி எழுதுங்கள், துண்டறிக்கையின் முதல் வரி அதிலிருந்துதான் வரும்.

சரி, கோரிக்கை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலை 8 அன்று தாலிபான் தலைவர் அகுந்த்சாதா மீது பிடிவாரண்ட் போட்டது, ஆனால் இந்தியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடு இல்லை. ஆகவே "கைது செய்" என்று தில்லிக்கு மனு போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தில்லியால் முடிந்ததைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களை இந்தியா செல்லாததாக்கியதில், இங்கே படித்துக்கொண்டிருந்த மாணவிகள் பலர் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். ஆப்கன் மாணவிகளுக்கு விசா, உதவித்தொகை, இது ஒன்று. காபூலில் தூதரகத்தை மறுபடி திறந்திருக்கிற அரசு, தாலிபானோடு பேசும்போது பெண் கல்வியையும் பேச வேண்டும், இது இரண்டு. இதற்கு மேல் சேர்க்காதீர்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்று தொகுதி எம்.பி.க்களிடமும் ஒரே மனுவைக் கொடுத்து, வெளியுறவு அமைச்சரிடம் நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அழுத்தம் வேலை செய்யும்: 2025 அக்டோபர் 10 அன்று தில்லியில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தக்கியின் செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர்கள் இல்லை, பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்த பிறகு இரண்டே நாளில் அவர்களையும் அழைத்து இன்னொரு சந்திப்பு நடந்தது.

ஆப்கன் பெண்கள் தங்கள் நிலையைப் பாலின ஒதுக்கல் (gender apartheid) என்கிறார்கள், அதைச் சர்வதேசச் சட்டத்தில் குற்றமாக்கக் கேட்கிறார்கள். அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். தனிக்குவளையைக் கண்ணால் பார்த்த நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஆப்கானிஸ்தானுக்குள் இருக்கும் பெண்ணின் பெயர், முகம், குரல் எதுவும் வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடாது. அங்கே பெண்கள் வீட்டுக்குள் நின்று, தாளால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் போராட்டப் படம் எடுக்கிறார்கள், நாம் நல்ல மனதோடு பகிரும் ஒரு குரல்பதிவு அவர்கள் வாசலுக்கு ஆளைக் கொண்டுவரும். வெளிநாட்டில் வாழும் ஆப்கன் பெண்களில் வெளிப்படையாகப் பேசுகிறவர்களின் பேச்சைத் தமிழில் போடுங்கள், அதுவும் அவர்களிடம் கேட்டுவிட்டு. பணமும் திரட்ட வேண்டாம். கணக்குத் தகராறில் உடைந்த கூட்டமைப்புகளை நிறையப் பார்த்தாயிற்று.

நாள்? ஆகஸ்ட் 15. தாலிபான் 2021-இல் காபூலுக்குள் நுழைந்த தேதி, நமக்குக் கிராம சபை நடக்கும் தேதி. பெண்கள் கூட்டமாக வரும் நாள் என்பதால் சபை முடிந்ததும் அங்கேயே மனுவில் கையெழுத்து வாங்கலாம். பேனா நிறைய எடுத்துப் போங்கள், கைநாட்டுக்கு மை டப்பாவும்.