மிரர் தளம் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் மிரர் சர்வரை எழுப்பிவிட்டு, ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பி, ‘ஒரு தடவை பாருங்கண்ணே’ என்றார். நாலாவது வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பல வருஷம் முன்பு நான் எழுதிய அதே வரி. அந்த வரி என்ன செய்யும் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

டிஸ்க் நிறைந்துபோவது, இணைப்பு அறுந்துபோவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தாமே கத்திக் கூப்பிடும். சத்தமில்லாமல் கழுத்தறுப்பவை பற்றித்தான் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தளத்தின் கோப்புகளை அப்படியே இன்னொரு சர்வரில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அது மிரர். எதற்கு இந்த வேலை? டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் புது வெளியீடு விடும் நாளில் எல்லோரும் ஒரே சர்வரை மொய்த்தால் அது படுத்துவிடும். பக்கத்தில் ஒரு நகல் இருந்தால் சுமையும் பிரியும், தரவிறக்கமும் வேகமாக முடியும். முடக்கத்தைத் தாண்டவும் மிரர் உதவும். 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்கு டொமைன் சேவை நிறுத்தப்பட்டபோது, சில நாட்களிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட நகல்கள் முளைத்தன. அடுத்தவர் தளத்தை உரித்து வைத்து விளம்பரக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதையும் சொல்லித் தருவதாக இல்லை.

மிரரை பேக்கப் என்று நம்புவது

அந்த நாலாவது வரி ஓர் ஆர்சிங்க் கட்டளை. ஆர்சிங்க் 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் எழுதியது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் இழுத்து வரும். அதில் ‘டெலீட்’ என்று ஓர் ஆப்ஷன் உண்டு. மூலத்தில் இல்லாத எதுவும் இங்கேயும் இருக்கக்கூடாது என்று அர்த்தம். மிரருக்கு இது வேண்டும்தான், இல்லாவிட்டால் மூலத்தில் என்றோ நீக்கிய பழைய குப்பை இங்கே மலையாகச் சேரும். தம்பி அதை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போட்டிருந்தார். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

அப்போது ஒரு சின்ன ஆவணத் தொகுப்புக்கு மிரர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு மூல சர்வர் ரீபூட் ஆனபோது அதன் டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. கோப்புகள் இருக்கவேண்டிய அடைவு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று பிழை வந்திருந்தால் ஆர்சிங்க் அழிப்பதைத் தானே நிறுத்திவைத்திருக்கும், அந்த அளவுக்கு அதற்குப் புத்தி உண்டு. ஆனால் காலி அடைவு ஒரு பிழை இல்லையே! குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் வழக்கம்போல நேரத்துக்கு ஓடியது. காலையில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தால் ‘டெலீட்டிங்’, ‘டெலீட்டிங்’, ‘டெலீட்டிங்’ என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. கடைசி வரியில் வேலை வெற்றிகரமாக முடிந்ததற்கான பூஜ்யம். எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது அந்தப் பூஜ்யம்தான்.

சரி, மூலத்திலிருந்து மறுபடி இழுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். டிஸ்க் மவுண்ட் ஆகாததற்குக் காரணமே அது செத்துக்கொண்டிருந்ததுதான் என்று மதியம் தெரிந்தது. தொகுப்பை நடத்தியவர் ஃபோனில் கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமில்ல?”

அவரும் என் மிரரை பேக்கப் என்றே நம்பியிருந்தார். கடைசியில் யார் யாருடைய மடிக்கணினியிலோ இருந்ததைப் பொறுக்கி, பாதியைத்தான் மீட்டோம்.

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2013 மார்ச்சில், லினக்ஸுக்கு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் கேடிஈ திட்டத்தின் மூல சர்வரில் கோப்பு முறைமை கெட்டது. நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் கிட் களஞ்சியங்கள் சுமார் 1,500 அதில் இருந்தன. மிரர்கள் கெட்டுப்போனதையும் விசுவாசமாக இழுத்துக்கொண்டன. என்னென்ன களஞ்சியங்கள் இருக்கின்றன என்ற பட்டியலும் பழுதாக வந்ததால், பட்டியலில் இல்லாதவற்றை அழித்தும்விட்டன. வேறொரு சர்வரில் எப்படியோ ஒரு நல்ல நகல் தப்பிக் கிடந்ததால் பிழைத்தார்கள். மிரரின் வேலையே மூலம் சொன்னபடி ஆடுவதுதான், மூலத்துக்குப் பைத்தியம் பிடித்தாலும் ஆடும்.

நான் இப்போது செய்வது இது. முதலில் ஆர்சிங்க்கை ஒத்திகையாக மட்டும் ஓட்டி, எத்தனை கோப்பு அழியப்போகிறது என்று எண்ணுவேன். வழக்கத்தைவிட அதிகம் என்றால் ஸ்கிரிப்ட் நின்று எனக்கு அஞ்சல் அனுப்பும். மூலத்தில் எப்போதும் இருந்தே ஆகவேண்டிய ஒரு கோப்பு இருக்கிறதா என்றும் பார்க்கும், அது இல்லையென்றால் எதையும் தொடாது. ‘மேக்ஸ் டெலீட்’ என்று ஆர்சிங்க்கிலேயே ஓர் ஆப்ஷன் உண்டு, ஆனால் அது நீங்கள் கொடுத்த எண்ணிக்கை வரைக்கும் அழித்துவிட்டுத்தான் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம். இதற்கெல்லாம் மேல், டிஸ்க் அந்த நேரத்தில் இருந்தபடியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் தினம் ஒன்று. அப்புறம், மிரர் ஸ்கிரிப்டின் கை எட்டாத இன்னொரு இயந்திரத்தில் நிஜமான பேக்கப்.

பட்டியலை முதலில் இழுப்பது

மென்பொருள் களஞ்சியத்தில் பொதிகளும் (நிறுவுவதற்கான மென்பொருள் கோப்புகள்) இருக்கும், அவற்றின் பட்டியலும் இருக்கும். புதுப் பட்டியல் வந்துவிட்டது, பொதி இன்னும் வரவில்லை என்றால் அந்த இடைவெளியில் வருகிறவர் கோப்பு இல்லை என்ற பிழையில் முட்டிக்கொள்வார். அதனால்தான் டெபியன் தன் மிரர்களுக்குத் தரும் ஸ்கிரிப்ட் இரண்டு கட்டமாக ஓடுகிறது. முதலில் பொதிகள், பிறகு பட்டியல், அழிப்பது எல்லாம் கடைசியில்.

சரியாக நள்ளிரவுக்கு கிரான் போடுவது

எல்லோரும் அப்போதுதான் இழுக்கிறார்கள். 37-ஆம் நிமிடம், 14-ஆம் நிமிடம் என்று ஏதாவது வையுங்கள்.

கதவு திறந்திருக்க ஜன்னல் வழியே ஏறுவது

ஆர்சிங்க் வழி இருக்கிறதா என்று கேட்காமலே, சுட்டி சுட்டியாகத் தொடர்ந்து பக்கங்களை இறக்கும் டபிள்யூகெட்டை அவிழ்த்துவிடுவார்கள். இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குட்டன்பர்க் போன்ற இடங்கள் மிரர் செய்வோருக்காகவே ஆர்சிங்க் வசதி வைத்திருக்கின்றன. மீறி பக்கம் பக்கமாகச் சுரண்டினால் உங்கள் முகவரியைத் தடுத்துவிடுவார்கள். தளத்தில் ‘அடுத்த மாதம்’ என்று சுட்டி உள்ள நாள்காட்டி இருந்துவிட்டால் வேறு வினையே வேண்டாம். நான் ஒருமுறை கவனித்து நிறுத்துவதற்குள் என் மிரர் இருநூறு வருஷம் தாண்டிப் போயிருந்தது, ஒவ்வொரு மாதமும் ஒரு காலிப் பக்கம்.

செக்சம்மை அதே தளத்திலிருந்து எடுத்துச் சரிபார்ப்பது

செக்சம் என்பது கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் குறியீடு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸின் தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்கச் சுட்டியையே பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல்) கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தை மாற்ற முடிந்தவருக்கு அதில் எழுதியிருக்கும் செக்சம்மை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பு மூலத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியையும் உங்கள் மிரரிலிருந்து எடுக்கக்கூடாது.

மூலம் எது என்று சொல்லாமல் விடுவது

வலைப்பக்கங்களை மிரர் செய்தால் ஒவ்வொன்றிலும் மூல முகவரியைச் சுட்டும் கேனானிகல் குறி இருக்கட்டும். தேடுபொறிகள் 2009-லிருந்தே அதைப் படிக்கின்றன.

உரிமம்

கேட்டுவிட்டு எடுங்கள்.

தம்பி நேற்று ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பினார். நாலாவது வரியில் ஒத்திகை, எண்ணிக்கை, அஞ்சல் எல்லாம் அழகாக வந்திருந்தன. திருத்தும் வேகத்தில் மூலப் பாதையின் கடைசியில் இருந்த ‘/’ என்ற சாய்கோட்டை மட்டும் அழித்துவிட்டார். அது இல்லாவிட்டால் ஆர்சிங்க் ஏற்கெனவே இருப்பதைப் புதுப்பிக்காமல், மொத்தத்தையும் உள்ளே ஒரு புது அடைவு போட்டு இன்னொரு தடவை இறக்கும். இப்போதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் அவரே கூப்பிடுவார்.