கண்ணாடித் தொட்டியில் சூடு நிற்கவில்லை

டொராண்டோ குளிரில் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை வளர்ப்பவர்களுக்கு இது உதவும். எங்கள் பாம்பு வந்தபோதே கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில்தான் இருந்தது. கோடையில் பிரச்சினை இல்லை. வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் காற்று வறண்டு, தொட்டிக்குள் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சட்டை துண்டு துண்டாக உரிந்தது. கண்மேல் இருக்கும் செதில்கூடக் கழலாமல் ஒட்டிக்கொண்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் 120 செ.மீ. நீளமுள்ள பிவிசி பெட்டிக்கு மாற்றினோம். மூடிய கூரை என்பதால் சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கின்றன. கூரையில் செராமிக் ஹீட்டர், அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. பாம்பு சூடான பொருளில் ஒட்டிப் படுத்து, விலகாமலே புண்ணாக்கிக்கொள்ளும். கூண்டு கட்டாயம் வேண்டும்.

சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைச் சூடான பக்கத்துச் சுவரில் கிளிப் போட்டு இறுக்கினேன். பாம்பு அதைக் குளிர்ந்த பக்கம் இழுத்துவிட்டால் ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இப்போது ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. தேங்காய் நார்த்தூள் பரப்பி, மூலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்கிறது. அடுத்த சட்டை கண்செதிலோடு, வால் நுனிவரை முழுசாகக் கழன்றது.