மொம்பாசாவைப் பார்க்கும் முறை: தோல் தொழில் ஊர்களிலிருந்து செல்பவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து தொழில் நிமித்தம் கென்யாவுக்குச் செல்பவர்கள், அந்நாட்டின் துறைமுக நகரமான மொம்பாசாவை, அதன் நியாலி வட்டாரத்தில் மதில் சூழ்ந்த பங்களாக்களைக் கண்டு பணக்கார ஊர் என்றோ, தகரக் கூரைகளைக் கண்டு பஞ்சப்பட்ட ஊர் என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும்.

அதற்கு முதலில், காலை வேளையில் லிக்கோனி படகுத்துறையில் நில்லுங்கள். நகரின் மையப்பகுதி ஒரு தீவு. தெற்குக் கரையிலிருந்து வரும் படகில் வண்டிகளுக்குத்தான் கட்டணம்; நடந்து ஏறுபவர்களுக்கு இல்லை. தீவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்குவதை அங்கே காணலாம்.

அடுத்து, நியாலி பாலத்தைக் கடந்து கொங்கோவேயா சந்தைக்குச் செல்லுங்கள்; இங்கே அவசரப்படக் கூடாது. பேல் பேலாக வந்திறங்கும் பழைய துணிகளையும் காலணிகளையும் மிதும்பா என்கிறார்கள். ஷூ கம்பெனியில் பழகிய கண் உள்ளவர்கள் ஒரு ஜோடியைக் கையிலெடுத்து, மேல்தோலின் தையலையும் உள்ளே ஒட்டிய லைனிங்கையும் தேய்ந்த குதிகாலையும் புரட்டிப் பார்த்தால், நம் ஊர் ஆலைகளில் தைப்பது போன்ற ஏற்றுமதிச் சரக்கு, வேறொரு நாட்டில் ஒருவர் போட்டுக் கழித்த பிறகு, பாலிஷ் ஏற்றி அடுக்கப்பட்டிருப்பது தெரியும். கென்யத் தோலோ பெரும்பாலும் வெட் ப்ளூ நிலையிலேயே, அதாவது குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் அரைப்பதத் தோலாகவே, கப்பலேறிவிடுகிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகே, தைக்கும் வேலையும் அதன் கூலியும் ஆம்பூரில் பெருகின.

பங்களாதேஷ் என்றே பெயர் பெற்ற குடிசைப் பகுதி ஒன்றும் மொம்பாசாவில் உண்டு. அத்தகைய இடங்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரோடு மட்டுமே செல்லுங்கள். தள்ளுவண்டியில் வரும் 20 லிட்டர் கேனின் விலையைக் கேளுங்கள். வீட்டுக் குழாய் உள்ளவரைவிடக் குடிசைவாசிகள் லிட்டருக்கு அதிகம் கொடுப்பது, கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கென்ய ஷில்லிங்கை ரூபாயாக்கிப் பார்ப்பதைவிட, ஒரு நாள் கூலியில் எத்தனை கேன் வாங்கலாம் என்று கணக்கிடுவதே சரி.

கிலிண்டினி துறைமுகத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். படமெடுத்தால் காவலர்கள் தடுப்பார்கள். நைரோபிக்கு 2017இல் புதிய ரயில் பாதை வந்தது; இறக்குமதிச் சரக்கை அதில்தான் ஏற்ற வேண்டும் என்று 2019இல் பிறந்த உத்தரவை எதிர்த்து, லாரித் தொழிலை நம்பியவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கதையை லாரி டிரைவர்களிடமும் பஞ்சர் கடைக்காரர்களிடமும் நேரில் கேளுங்கள்.