புதிய வாசல் கதவுக்கு நீங்களே வார்னிஷ் அடிக்கலாம்

புதுமனை புகும் அவசரத்தில், "கதவை முதலில் மாட்டிவிடுவோம், பாலிஷைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கீல் முடுக்கி நிலையில் மாட்டிய கதவின் அடி விளிம்பில் தூரிகை நுழையாது. மழைச் சாரலும், தினமும் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரும் மரத்துக்குள் ஏறுவது அந்த விளிம்பின் வழியாகத்தான். மரத்தின் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே அறுத்த இடத்தில் அவை திறந்தே கிடக்கும். முகப்பை எவ்வளவு பளபளப்பாக முடித்தாலும், மேல் விளிம்பும் அடி விளிம்பும் பூச்சில்லாத வெறும் மரமாக இருந்தால் கதவு ஊதும், நிலையில் இடிக்கும், அடிச்சட்டத்தில் வார்னிஷ் உரியும். கதவுக்கு ஆறு பக்கங்கள் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். மற்ற வேலைகள் பொறுமையாகச் செய்தால் கைக்கு வந்துவிடும்.

தேக்குக் கதவை மனதில் வைத்தே எழுதுகிறேன். வேங்கைக்கும் இதே முறைதான். ஒன்று மட்டும் கவனம்: வேங்கை நனைந்தால் மஞ்சள் சாயம் கசியும், பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரையும் கறையாக்கும். அதனால் அந்தக் கதவை வார்னிஷ் அடிக்கும்வரை ஈரம் படாமல் வைத்திருங்கள்.

எதை வாங்குவது

கடையில் "பாலிஷ்" என்று கேட்டால் அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷையோ மெலமைனையோ எடுத்துக் கொடுக்கலாம். இரண்டும் வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான்களுக்கானவை. அரக்கு தண்ணீர் பட்டால் வெளுக்கும். மெலமைன் வெயிலில் வெடிக்கும். தகரத்தில் 'வெளிப்புற உபயோகத்துக்கு' என்றும், புற ஊதாக் கதிர்த் தடுப்பு உண்டு என்றும் எழுதியிருக்கும் பாலியூரிதேன் வார்னிஷைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி போன்ற சாதாரண வார்னிஷின் ஊடாக வெயில் மரத்தைத் தாக்கும். மேல்தோல் சிதைந்ததும் படலம் பிடிமானம் இழந்து ஏடு ஏடாகக் கழன்று வரும்.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) உறுதியானதுதான். ஆனால் கலந்த சில மணி நேரத்தில் இறுகிவிடும், அதன் கெட்டிப்பான் மூச்சுக்கும் கெடுதல். முதல் முறை செய்பவர் ஒரே டப்பாவில் வரும் வகையை எடுப்பதே நல்லது. 7 அடிக்கு 3½ அடிக் கதவுக்கு இரு முகமும் விளிம்புகளும் சேர்த்து ஏறக்குறைய 55 சதுர அடி வரும். மூன்று பூச்சுக்கு எத்தனை லிட்டர் தேவை என்பதைத் தகரத்தில் போட்டிருக்கும் பரப்பளவைக் கொண்டு கணக்கிடுங்கள்.

அதோடு 80, 120, 180, 320 எண் உப்புத்தாள்கள், நல்ல மென்முடித் தூரிகை, தின்னர், பழைய பருத்தி வேட்டித் துணி, முகக்கவசம், கையுறை ஆகியவையும் வேண்டும்.

தேய்ப்பு

கதவை இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவையுங்கள். இழைப்புளியின் தழும்பு தெரியும் இடங்களில் மட்டும் 80. பிறகு முழுவதும் 120, அடுத்து 180. எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் இப்போது கண்ணுக்குத் தெரியாது, வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். கூர்மையான முனைகளை லேசாக மழுக்குங்கள். கூர்முனையில் வார்னிஷ் மெலிதாகத்தான் நிற்கும். உரிதல் அங்கிருந்தே தொடங்கும்.

ஆணித் துளைகளுக்கு மக்கு (துளை அடைக்கும் பசை) வைக்கலாம். ஆனால் பலகை வைத்த கதவில், சட்டத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கை மக்கால் அடைக்காதீர்கள். கோடையில் சுருங்கவும் மழையில் விரியவும் பலகைக்கு அந்த இடம் தேவை. அடைத்தால் பலகை நடுவில் பிளக்கும். ஒரு தூரிகை நுனி வார்னிஷை அந்த இடுக்குக்குள் தள்ளிவிடுங்கள். பிற்பாடு பலகை சுருங்கும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்கும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, வார்னிஷைப் பிடிக்க விடாது. தூசியைத் துடைத்த பின் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்து, தின்னர் ஆவியானதும் தாமதிக்காமல் முதல் பூச்சைத் தொடங்குங்கள். விட்டுவைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

பூச்சு

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். நேர் வெயிலிலும் மழைநாளிலும் அடிக்க வேண்டாம். டப்பாவைக் குலுக்கினால் குமிழி எழும். குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்குங்கள்.

முதல் பூச்சைத் தின்னர் சேர்த்து நீர்க்க அடியுங்கள், மரத்துக்குள் இறங்கட்டும். எவ்வளவு, எந்தத் தின்னர் என்பது தகரத்தில் இருக்கும். மேல், கீழ் விளிம்புகளில் தொடங்குங்கள். உறிஞ்ச உறிஞ்ச, ஈரம் காயும் முன்பே இரண்டு மூன்று முறை ஊட்டுங்கள். கீல் உட்காரும் பள்ளம், பூட்டுத் துளையின் உட்புறம் எல்லாவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும். பிறகு பலகைகள், கிடைச்சட்டங்கள், கடைசியாக நெடுஞ்சட்டங்கள் என்ற வரிசையில் போனால் தூரிகைத் தடம் சட்டங்களின் மூட்டில் மறைந்துவிடும்.

தகரத்தில் சொன்ன நேரம் காயவிட்டு, 320 எண் தாளால் மெல்லத் தேய்த்து, தூசி துடைத்து, அடுத்த பூச்சு. மொத்தம் மூன்று. வெயில் நேராக விழும் மேற்கு வாசலென்றால் நான்காவதையும் அடித்துவிடுங்கள்.

நிலை வைக்கும்போது மஞ்சள் குங்குமம் இடுவோம். பூச்சில்லாத மரத்தில் மஞ்சள் இறங்கினால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. நிலைக்கும் அதற்கு முன்பே ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் பொட்டு அழகாக நிற்கும், கறையும் தங்காது.

மாட்டுதலும் பராமரிப்பும்

குறைந்தது ஒரு வாரம் இறுகவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள்தான் வேண்டும். இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் மரத்தில் கருப்புக் கறை படரும். தரையில் உரசுகிறதென்று ஆசாரி அடியை இழைத்தால், அந்த இடத்துக்கு அங்கேயே மறுபடி வார்னிஷ் அடித்துக் காயவைத்த பிறகே கதவைத் தூக்க விடுங்கள்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் அடிச்சட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் கவலையில்லை. பரவி மரம் கருத்தால், 320 எண் தாளால் தேய்த்து ஒரே ஒரு பூச்சு கொடுங்கள். உரியத் தொடங்கும்வரை காத்திருந்தால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.