விண்கலத்தில் மானமும் காவலும்: கதை எழுதப் புகுவோருக்கு

மதுரையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுதிய அறிவியல் புனைகதையை மற்றவர் படித்துக் குறைநிறை சொல்வது வழக்கம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு: நெடுந்தொலைவு போகும் விண்கலம், அதில் போரையே வாழ்வாகக் கொண்ட குலத்தில் பிறந்த ஒரு வீரன், அவனை நம்பாத ஒரு பாதுகாப்பு அதிகாரி. பெரும்பாலான வரைவுகளில் மூன்றாம் பக்கத்திலேயே வாள் உருவப்பட்டுவிடுகிறது; ஐந்தாம் பக்கத்தில் கலம் வெடித்துவிடுகிறது. நானும் இதே கதையை இரண்டு முறை எழுதிக் கெடுத்தவன் என்பதால், அதை எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்கிறது.

முதலில், உங்கள் வீரனின் மானம் எந்தப் பொருளில் குடியிருக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். மானம் என்பது நெஞ்சுக்குள் இருக்கும் உணர்ச்சி என்று நினைத்து எழுதினால், பக்கம் பக்கமாக வசனம்தான் வரும். அது எப்போதும் ஊர் பார்க்க நடக்கும் ஒரு காரியத்தில்தான் இருக்கிறது. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் தகராறு வந்து, போலீஸ் பந்தோபஸ்தோடு தேர் இழுத்த கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலையில் கட்டும் ஒரு முழத் துணியும், யார் கையில் முதலில் திருநீறு விழுகிறது என்பதும்தான் அங்கே விவகாரம். அதே கணக்கில், விண்கலத்தில் வருகைப் பதிவில் முதலில் அழைக்கப்படும் பெயர் யாருடையது, ஏர்லாக்கை (கலத்திலிருந்து வெற்றிடத்துக்குப் போகும் இரட்டைக் கதவு அறையை) விட்டு முதலில் வெளியே காலெடுத்து வைப்பவர் யார், வேலை முடிந்து திரும்பும்போது சோதனை செய்யப்படுபவர் யார், செய்யப்படாதவர் யார் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கதை அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது.

அடுத்து, அவமதிப்பைச் சிறியதாக வையுங்கள். இதற்குப் புறநானூற்றின் 74-ஆம் பாடலை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்டிருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்கிறான், உடனே கிடைக்கவில்லை, பிறகு கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், பாடலைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். போரில் தோற்றதைத் தாங்கியவனால் ஒரு குவளைத் தண்ணீர் தாமதமானதைத் தாங்க முடியவில்லை. சிறைக்காவலன் ஏன் தாமதித்தான் என்று பாட்டு சொல்வதில்லை. அந்த இடைவெளிதான் உங்களுக்கு வாய்த்த நிலம்.

விண்கலத்தில் அந்தத் தாமதத்துக்கு நியாயமான காரணம் ஒன்றை எளிதாகக் கொடுக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் வடித்தெடுத்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள். 2023-இல் இந்த மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. அப்படிப்பட்ட கலத்தில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்கு உண்டு. இப்போது காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

அடைப்பறையின் சிறு கதவுக்கு இந்தப் பக்கம் காவலர் மிதந்துகொண்டிருக்கிறார். கையில் இருநூறு மில்லிலிட்டர் நீர்ப்பை. பையின் எண்ணைப் பதிந்தாயிற்று. கணினி இன்னும் பச்சை விளக்கைக் காட்டவில்லை. உள்ளே இருப்பவன் கேட்டு ஏழு நிமிடம் ஆகிவிட்டது. காவலர் அவன் முகத்தைப் பார்க்காமல் விளக்கையே பார்க்கிறார். விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, பை உள்ளே மெல்ல மிதந்து போகிறது. அவன் அதைப் பிடிக்கவில்லை. பை சுவரில் மோதித் திரும்பி, காவலரின் கைக்கே வந்து சேருகிறது.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. காவலர் விதியை மீறவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்காததுதான் குற்றம், அதுவும் உள்ளே இருப்பவன் கணக்கில் மட்டும். பெரிய சண்டைக் காட்சி எழுதுவதற்கு முன்னால் இப்படி ஒன்றை எழுதிவிட்டால், சண்டை தேவைப்படாமலே போகலாம்.

வீரனின் பக்கத்தைப் போலவே காவலின் பக்கத்துக்கும் எலும்பு வேண்டும். பாதுகாப்பு அதிகாரியைச் சிடுமூஞ்சியாக எழுதுவது சோம்பேறித்தனம். விண்கலத்தில் அச்சம் நியாயமானது, ஏனென்றால் ஓடி ஒளிய வெளியே இடம் கிடையாது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் பறந்தபோது, எடையின்மையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சி, கலத்தைக் கையால் இயக்கும் வசதியைப் பூட்டி வைத்தார்கள். அதைத் திறக்கும் 125 என்ற எண்ணை உறையில் இட்டு ஒட்டி உள்ளே வைத்தார்கள். ஆனால் அவர் ஏறும் முன்பே கீழே இருந்தவர்களில் சிலர் அந்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டார்கள். விதி எழுதியவர்களே விதியை மீறி ஒரு மனிதனை நம்பிய அந்த இடம், ஒரு முழுக் கதைக்குப் போதும்.

1985-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் போன அறிவியலாளர் டெய்லர் வாங்கின் கதை இதன் மறுபக்கம். அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய கருவி மேலே போனதும் பழுதானது. அதைச் சரிசெய்ய அனுமதிக்காவிட்டால் நான் திரும்பி வரமாட்டேன் என்று அவர் தரைக்குச் சொன்னார். அனுமதித்தார்கள், அவரும் சரிசெய்தார். வாள் பிடிக்காத ஒருவரிடமும் வீரனின் மானம் இருக்கும் என்பதற்கும், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பாதுகாப்பு அதிகாரிக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது என்பதற்கும் இது சான்று. செவ்வாய்க்குப் போகும் கலமாக இருந்தால் நெருக்கடி இன்னும் கூடும்: அங்கிருந்து சொல்லும் சொல் பூமிக்கு வந்து சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அதிகாரி மேலிடத்தைக் கேட்டு முடிவெடுக்க முடியாது.

ஆயுதத்தைப் பற்றி ஒரு சொல். ரஷ்யர்களின் சோயுஸ் விண்கலங்களில் 1986 முதல் பல ஆண்டுகள் மூன்று குழல் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது காட்டில் தரையிறங்க நேர்ந்தால் விலங்குகளிடமிருந்து தப்புவதற்காக வைக்கப்பட்டது. மெல்லிய சுவருக்கு அப்பால் வெற்றிடம் இருக்கும் இடத்தில் துப்பாக்கி சுடுபவர் முட்டாளாகத்தான் இருக்க முடியும். உங்கள் காவலருக்குச் சாவியும் பதிவேடும்தான் ஆயுதம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். பதற்றத்தை இருவருக்கு இடையில் மட்டும் வைக்காமல், காவலர்களுக்குள்ளேயே வையுங்கள். அதற்கு நம் ஊரிலேயே நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் கொலைக்களக் காட்சியை வரிவரியாகப் படியுங்கள். கள்வன் கையில் சிலம்பு இருந்தால் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று பாண்டியன் ஒரே வரியில் ஆணையிடுகிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்கிறார்கள். அதாவது, முதலில் அவர்களின் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. பொற்கொல்லன் சிரித்து, கள்வர்களுக்குத் துணையான எட்டு வித்தைகளை அடுக்குகிறான். அதைக் கேட்ட இளைஞன் ஒருவன், மழை பெய்த நள்ளிரவில் கறுப்பு உடையோடு வந்த திருடன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்ததைச் சொல்லி, இப்போது என்ன செய்வது, அரசன் நம்மை வருத்துவானே என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்வதற்குள், ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான்.

பாருங்கள், இங்கே கோவலன் மீது யாருக்கும் பகை இல்லை. சுருக்கமாகச் சொல்லப்பட்ட ஆணை, வாளை இழந்த பழைய வெட்கம், மேலிடத்து அச்சம், குடித்தவன் கையில் ஆயுதம்: இவை நான்கும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடிவிட்டன. அந்த இளைஞனை நன்றாகக் கவனியுங்கள். ஒருமுறை ஏமாந்த காவலனின் மானம், அடுத்து எதிர்ப்படும் அப்பாவியின் தலையில் விடிகிறது. உங்கள் பாதுகாப்புக் குழுவில் அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

இதிலிருந்து இன்னொரு படி எடுத்து வைத்தால், வீரனையும் பாதுகாப்பு அதிகாரியையும் ஒரே ஆளாக்கிவிடலாம். என் இரண்டாம் வரைவு கெட்டதற்குக் காரணமே அவர்களை இரண்டு பேராக வைத்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன். வீரம் நேருக்கு நேர் நிற்கச் சொல்கிறது. காவலோ மறைந்து நின்று பார்க்கச் சொல்கிறது, உடன் உண்டவனையும் சந்தேகிக்கச் சொல்கிறது. மதுரைச் சீமையின் பழைய ஊர்க்காவல் முறையில் இந்த இரண்டும் ஒரே தோளில்தான் இருந்தன: ஊர் காவல் கூலி கொடுக்கும், பொருள் களவு போனால் காவல்காரர் அதைத் தேடிக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தாமே ஈடுகட்ட வேண்டும். களவு அங்கே காவல்காரரின் மடியைத் தொட்டது, பெயரையும் தொட்டது. கலத்தில் ஓர் ஆக்சிஜன் உருளை காணாமல் போனால், தன் பங்குக் காற்றிலிருந்து அதை ஈடுகட்ட வேண்டிய அதிகாரியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் வட்டாரத்தில் ‘வீரப் பரம்பரை’ என்று எழுதினாலே வாசகர் மனத்தில் ஒரு சாதிப் பெயரைப் பொருத்திப் பார்ப்பார். அதற்கு இடம் கொடுக்காமல், அந்த வீரகுலத்திலும் கோழை, கணக்குப்பிள்ளை, சமையல்காரர், பாட்டுப் பிரியர் என்று பல மாதிரி மனிதர்களைக் காட்டுங்கள். பிறப்பைக் கொண்டு ஒரு கூட்டத்தையே எடைபோடுவதன் விளைவு இந்த மண்ணுக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் மீது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மானமும் காவலும் மோதிய அந்த நாளை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். அது அவர்களுடைய துயரம். ஆனால் உங்கள் கலத்தில் ஒரு குலத்தாரிடம் மட்டும் கைரேகை கேட்கும் உத்தரவு வந்தால், அதை எந்த அதிகாரியும் ‘சாதாரண நடைமுறை’ என்ற சொல்லோடுதான் அறிவிப்பார் என்பதை மறக்காதீர்கள்.

பேச்சு நடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீரன் நாடக மேடைத் தமிழ் பேசக் கூடாது. பல மாதம் ஒரே கலத்தில் இருப்பவர்கள் அண்ணே, தம்பி, அக்கா என்றுதான் பழகியிருப்பார்கள். விசாரணை தொடங்கும் நாளில் ‘அண்ணே’ என்பது ‘சார்’ ஆக மாறினால், அந்த ஒரு சொல்லே கதவை அடைக்கும் ஓசையைக் கொண்டுவந்துவிடும்.

கடைசியாக, யாராவது இறக்கிறார் என்றால், இறுதிக் காட்சியை எழுதும் முன் அவருடைய நடுகல்லை எழுதிவிடுங்கள். தேனி மாவட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகல் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: கூடல் ஊர் ஆகோளில் இறந்த, பேடு தீயன் அந்தவனின் கல். ஆநிரை கவர்ந்த பூசலில் மடிந்த மனிதனுக்கு ஊர், நிகழ்ச்சி, பெயர். புகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. கலத்தில் கல் நட மண் கிடையாது. ஏர்லாக்கின் உட்கதவில் ஆணியால் கீறிய ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும். அந்த வரியை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து தொடங்குங்கள்.