உடலில் எத்தனை லீற்றர் குருதி? கணக்கு பிழைக்கும் இடங்கள்

வெசாக், பொசன் காலங்களில் கொழும்பில் இரத்ததான முகாம்களுக்குக் குறைவில்லை. 450 மில்லிலீற்றர் எடுத்தபின் மிச்சம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால், "எல்லோருக்கும் ஐந்து லீற்றர்தானே" என்று பக்கத்திலிருந்து பதில் வரும். அதுவே முதல் பிழை. 155 சென்ரிமீற்றர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குச் சுமார் 3.2 லீற்றர்தான்.

எடையைப் பார்ப்பவர்களும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். கிலோவுக்கு ஆணுக்கு 70, பெண்ணுக்கு 65 மில்லிலீற்றர் என்பது நடுத்தர உடல்வாகுக்குப் பொருந்தும் கணக்கு. கொழுப்பில் குருதி குறைவாகவே ஓடுவதால் பருமனானவரிடம் இது பொய்த்துவிடும். 170 சென்ரிமீற்றர் உயரம், 110 கிலோ எடை உள்ள ஆணுக்கு இப்படிப் பெருக்கினால் 7.7 லீற்றர். உயரத்தையும் சேர்த்துக்கொள்ளும் நாட்லர் சூத்திரமோ (1962) ஏறத்தாழ 6 லீற்றர் என்கிறது. வித்தியாசம் நான்கு பைக் குருதிக்குச் சற்றே குறைவு!

அந்தச் சூத்திரம் இதுதான். ஆணுக்கு, மீற்றரில் உள்ள உயரத்தை மும்மடியாக்கி 0.3669ஆல் பெருக்குங்கள், கிலோவில் உள்ள எடையை 0.03219ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 0.6041 சேர்த்தால் விடை லீற்றரில் வரும். பெண்ணுக்கு அதே வரிசையில் 0.3561, 0.03308, 0.1833. மேலே சொன்ன பெண்ணுக்கு ஆணின் எண்களைப் போட்டால் 0.4 லீற்றர் கூடிவிடும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது உயரத்தில். வீட்டில் எல்லோரும் அடிக்கணக்கில்தான் பேசுகிறோம். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதி 30.48ஆல் பெருக்கினால் 155 சென்ரிமீற்றர் என்று வரும், உண்மை 178. உயரம் மும்மடியாவதால் ஆணின் கணக்கில் 0.7 லீற்றர் காணாமல் போகிறது. முதலில் எல்லாவற்றையும் அங்குலமாக்கி, பிறகு 2.54ஆல் பெருக்குவதே பாதுகாப்பு.

கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு உதவாது. பிரசவம் நெருங்கும்போது குருதியின் அளவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வரைகூட உயரலாம். விபத்தில் குருதி இழந்தவரிடம் இப்போது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையும் இது சொல்லாது.

ஈமோகுளோபின் போதாதென்று முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர், தம் உடலில் லீற்றர் குறைந்துவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. அங்கே பார்ப்பது குருதியின் செறிவை. மொத்த அளவு வழக்கம்போலவே இருக்கக்கூடும்.