சீனத்து சார்ஜர் ஓசூருக்கு வருமுன்

ஓசூரிலிருந்து சீனாவுக்கு செல்போன் சார்ஜர் ஆர்டர் கொடுப்பவர்கள் முதலில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். அது குறிப்பிட்ட ஆலைக்கும் பிராண்டுக்கும் மட்டுமே. பக்கத்து ஆலைச் சரக்குக்குச் செல்லாது.

ஆலை காட்டும் மாதிரி சார்ஜர்களில் பிடித்ததில் இரண்டைக் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். ஒன்று ஆலையில், ஒன்று உங்களிடம்.

2,000 சார்ஜர் என்றால், 80 சதவீதம் பெட்டியில் அடைத்த பிறகு நீங்கள் அனுப்பும் ஆய்வாளர் தன் கையாலேயே 125 எடுக்கட்டும். ஆலைக்காரர் பொறுக்கித் தருவதை வாங்கவே கூடாது. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2859-1-இல், பொது ஆய்வு நிலை 2, ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5 கணக்கில் 7 குறை வரை ஏற்கலாம். 8 வந்தால் சரக்கை நிறுத்துங்கள். ஷாக் அடிக்கிற குறை என்றால் ஒன்றே போதும்.

இரண்டு மூன்றைப் பிரித்தும் பாருங்கள். முதல் சரக்கு நன்றாகவே இருக்கும். அடுத்த ஆர்டர்களில்தான் டிரான்ஸ்பார்மர் மேல் மூன்று சுற்று இருந்த மஞ்சள் டேப் ஒன்றாகிவிடும். கரன்ட் பக்கத்துக்கும் யு.எஸ்.பி. பக்கத்துக்கும் இடைவெளி குறையும். சீல் வைத்த மாதிரியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மீதிப் பணத்தை ஆய்வாளரின் அறிக்கை வந்தபின் அனுப்புங்கள்.